மண்டபம் யாருக்கு

யோசப்பின் ஓரிடத்தில் கால் மணி நேரம் இருக்க மாட்டாள். பதினாறு வருடம் நண்டு பதனிடும் கொம்பனியில் நின்றபடியே வேலை செய்த பழக்கமாக இருக்கலாம். பிரசங்கம் நீண்டால்கூட எழுந்து கோயிலுக்கு வெளியே வந்து நிற்பாள்.

யாழ்ப்பாணக் கரையோரத்தில் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் மேல்தட்டில் அவள் வீடு. போருக்கு முன் கட்டியது. உப்புக்காற்றில் கம்பிகள் துருப்பிடித்து வீங்கி, மேலே பூசியிருந்த சீமெந்து துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலை, கடலுக்குப் போய் வந்த கணவன் கனிசியஸ் தேத்தண்ணி குடித்துவிட்டு எழுந்தான். அடுத்த நிமிடம் அவன் இருந்த கதிரைமேல் ஒரு பாளம் விழுந்து கதிரை நொறுங்கியது. அன்றே யோசப்பின் முறைப்பாட்டோடு புறப்பட்டாள். ஒரு அரசாங்கக் கந்தோர் அவளை இன்னொரு கந்தோருக்கு அனுப்பியது. வருடம் ஒன்று போனது.

உள்ளூராட்சித் தேர்தல் வந்தபோது ஒரு சுயேச்சைக் குழு அந்த வட்டாரத்துக்குப் பெண் வேட்பாளர் தேடியது. தான் தேர்தலில் நிற்பதாக அவளே போய்ச் சொன்னாள்.

"இஞ்சாரப்பா, உனக்கு மேடையிலை கதைக்கத் தெரியுமே?" என்றான் கனிசியஸ்.

"மேடை என்னத்துக்கு? நான் வீடு வீடாப் போறன்."

கீழ்த்தட்டில் இருந்த லவீனா, திருநெல்வேலியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்பவள், பதினைந்து இளம் ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். அவர்களிடம் ஒரே ஒரு கோரிக்கை இருந்தது. கடற்கரை வீதியில் மாநகர சபைக்குச் சொந்தமான பழைய வாசிகசாலை மண்டபம் பூட்டிக் கிடந்தது. அதைத் திறந்து தரவேண்டும். கணினி வகுப்பு வைக்கலாம். வேலை இல்லாமல் சந்தியில் நிற்கும் பெடியளுக்குப் போக ஓரிடம் இருக்கும்.

"வெண்டால் அந்த மண்டபம் உங்களுக்குத்தான்," என்றாள் யோசப்பின்.

குடியிருப்பில் இருந்தவர்களிடம், பொறியியலாளரைக் கூட்டிவந்து கட்டடத்தைப் பார்க்க வைப்பேன் என்றாள். மேல்தட்டில் அவளுக்கு அடுத்த வீட்டு அடைக்கலநாதன் மட்டும் யோசித்தார்.

"பாக்க வந்தவன் எழும்பிப் போங்கோ எண்டால்?"

"ஒருத்தரையும் எழுப்ப விடன் அண்ணை." அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குப் போகும் அவசரம்.

இருபத்துமூன்று வாக்கால் வென்றாள். இரண்டு மாதத்துக்குள் கேட்ட இரண்டும் கிடைத்தன. மண்டபம் இளைஞர்களுக்கு என்று சபை தீர்மானித்தது. லவீனாவும் மற்றவர்களும் கூட்டிக் கழுவி நீல நிறம் பூசினார்கள். அதே வாரம் பொறியியலாளரும் வந்தார். மேல்தட்டுத் தூண்களைத் தட்டிப் பார்த்து, சிவப்பில் குறி போட்டார். இரண்டு கிழமைக்குள், அவளுடையதையும் சேர்த்து, மேல்தட்டின் ஐந்து குடும்பங்களும் வெளியேற வேண்டும் என்று அறிக்கை வந்தது.

மற்ற நான்கு கதவையும் யோசப்பினே தட்டினாள்.

"மூண்டு தரம் இடம்பெயர்ந்தனான் பிள்ளை," என்றார் அடைக்கலநாதன். "அப்ப சண்டையிலை செல்லடி. இப்ப உன்ரை தீர்மானமே?"

"நான் சொன்னது பிழை அண்ணை."

ஐந்து குடும்பம் போய் இருக்கக்கூடிய, சபையின் கையில் இருந்த ஒரே கட்டடம் அந்த மண்டபம். அன்று பின்னேரமே அங்கே போனாள். லவீனா யன்னலுக்குப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"எங்களுக்கெண்டு தந்தனீங்கள் அக்கா."

"ஓம்."

"எத்தினை மாசத்துக்கு?"

"தெரியாது."

"பொய்யாவது ஒரு கணக்குச் சொல்லுங்கோவன்."

"யோசியாமல் ஒரு சொல்லுச் சொல்லித்தான் அடைக்கலநாதன் அண்ணையின்ரை முகத்திலை முழிக்கேலாமல் நிக்கிறன்."

லவீனா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் யோசப்பின் தன் வீட்டுச் சாமான்களை முதலில் இறக்கினாள். தானும் கனிசியசும் மட்டும். நான்கு மாடிப்படி, ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மற்றவர்கள் கதவிடுக்கால் பார்த்தார்கள். மூன்றாம் நாள் இரண்டு குடும்பங்கள் மண்டபத்துக்கு வந்தன. அடைக்கலநாதன் அசையவில்லை. தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது லவீனா ஆறு பேரோடு அவர் வாசலில் வந்து நின்று, "ஐயா, பிரிட்ஜை நாங்கள் இறக்குறம்," என்றாள். யோசப்பினைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த நாள் கடைசிக் குடும்பமும் வந்தது. அந்தப் பதினைந்து பேரில் நாலைந்து பேர் பிறகு எதற்கும் வரவில்லை.

எட்டு மாதமாகிறது. மண்டபத்துக்குள் சேலையால் மறைப்புக் கட்டி ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன. கணினி வகுப்பு கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் கிழமையில் இரண்டு நாள் நடக்கிறது. கனிசியஸ் கேட்டு எடுத்துக் கொடுத்த இடம் அது.

போன மாதக் கூட்டத்துக்கு லவீனா நாற்பது கையெழுத்தோடு ஒரு மனு கொண்டுவந்தாள். மண்டபம் எப்போது திரும்பக் கிடைக்கும், வாக்குக் கொடுத்த உறுப்பினர் திகதி சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்த வட்டாரத்தின் மனுவைச் சபையில் வாசிக்க வேண்டியவள் யோசப்பின். தன் பெயர் வந்த இடத்திலும் நிறுத்தாமல் முழுதும் வாசித்தாள். பங்குனிக்குள் மேல்தட்டுத் திருத்த வேலை முடியும் என்று இந்தத் தடவை சபையிடம் எழுத்தில் பதில் வாங்கினாள். எட்டுத் தூணில் மூன்று முடிந்திருக்கிறது. வேலைத்தலத்துக்கு அவள் தினமும் போய்ப் பார்க்கிறாள். அடைக்கலநாதன் இப்போது அவளோடு கதைக்கிறார். லவீனா மனு விஷயமாக மட்டும்.