கப்பற்காரர் கோயிலில் ஒரு வெள்ளிப் படகு

கடல் வழியே வரும் சரக்கைக் காப்பது தெய்வம், சரக்குக் கரையேறியதும் நேர்ந்ததைக் கொடுத்தாக வேண்டும் என்று அந்நாட்களில் எங்கள் குடும்பம் நம்பியது. நான் மட்டும் நம்பவில்லை. புத்தகம் படித்தவள் அல்லவா.

2004 ஒக்டோபர், ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பதரைக்கு மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். உடன் வந்தவர் என் கணவரின் தமக்கை, மன்னாரைச் சேர்ந்த பிலோமினா மச்சாள். அவரும் அவர் கணவர் அன்ரன் அண்ணையும் நடத்திய கடைக்குக் கருவாடும் பனங்கட்டியும் ஏற்றி வந்த முதல் கொள்கலன், மொன்றியல் துறைமுகத்தில் சோதனைக்காகப் பதின்மூன்று நாள் நின்ற பின்பே வெளியே வந்திருந்தது. அதற்காக நேர்ந்துகொண்ட வெள்ளிப் படகு மச்சாளின் கைப்பையில் இருந்தது. உள்ளங்கை நீளம். பக்கவாட்டில் கொள்கலனின் இலக்கம், நான்கு எழுத்தும் ஏழு எண்ணுமாகப் பொறிக்கப்பட்டிருந்தது.

“இலக்கம் எதுக்கு மச்சாள்?”

“ஒரு நாளைக்கு எத்தினை பெட்டி இறங்குது. எது எங்கட எண்டு மாதாவுக்குத் தெரிய வேண்டாமே?”

ஸ்நோடனில் வண்டி மாறியதும் நான் உரோமரைப் பற்றித் தொடங்கினேன். ஒஸ்தியாத் துறைமுகத்தில் வணிகர்களின் அறைகள் ஒரு கோயிலைச் சூழவே இருந்தன. வாசல் தரையில் கப்பலும் கலங்கரை விளக்கமும் பதித்திருந்தார்கள். தெய்வத்தோடும் அவர்கள் பேரமே பேசினார்கள் என்றேன்.

“பாவங்கள், அவையளுக்கும் கஸ்டம்ஸ் இருந்திருக்கும்,” என்றார் மச்சாள்.

ஷாம்-த-மார்ஸில் இறங்கிப் பத்து நிமிட நடை. ஆற்றைப் பார்த்து நிற்கும் பழைய மாதா கோயிலான கப்பற்காரர் கோயிலில், மாலுமிகள் காணிக்கையாகத் தந்த சிறு கப்பல்கள் விளக்கேந்தித் தொங்கின. பொறுப்பாளரான முதிய பெண்மணி படகை வாங்கி, இலக்கத்தைத் தடவிப் பார்த்து, இது என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். கருவாட்டுப் பெட்டியின் இலக்கம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. வெறும் அலங்காரப் பொருள், அன்பளிப்பு என்றேன். அப்படியானால் கீழே நினைவுப்பொருள் கடையில் வைக்கலாம் என்று அவர் புன்னகைத்தார்.

மச்சாள் கை நீட்டிப் படகைத் திருப்பி வாங்கினார்.

“எனக்குப் பிரெஞ்சு விளங்கும், ரெஜினா. பதினொரு வருசம் ஆஸ்பத்திரி துடைச்சனான். கதைக்கத்தான் கூச்சம்.” குரல் உயரவில்லை. “உனக்கு வெக்கமெண்டா வெளியில நில்.”

பிறகு உடைந்த பிரெஞ்சில் அவரே சொன்னார்: கப்பல், கருவாடு, பயம், பதின்மூன்று நாள், மாதா. பொறுப்பாளர் எழுந்து நின்று கேட்டார். மேலே தொங்குபவையும் இப்படி வந்தவைதாம் என்று சொல்லி, இரு கைகளாலும் படகை ஏற்றுப் பீடத்தருகே வைத்தார்.

திரும்பும் வழியில் மச்சாள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மத்தியானத்துக்கு என்ன கறி என்று கேட்டார். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வணிகரின் நேர்த்தியை மதிப்போடு வாசித்த நான், பக்கத்தில் நின்றவருடையதை மறைத்தேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.

அன்ரன் அண்ணை காலமாகிவிட்டார், என் கணவரும். பிள்ளைகள் ரொறொன்ரோவில். மொன்றியலில் இப்போது மச்சாளும் நானும் இருக்கிறோம்.