எங்களைக் கேட்காத ஆராய்ச்சி

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். பாடம், பரீட்சை எல்லாம் இங்கிலீஷ். குழந்தையைக் குளிப்பாட்டப் பழக ஒரு பீங்கான் தொட்டி, வெந்நீரின் சூடு பார்க்கத் தெர்மாமீட்டர், குழந்தைக்குப் பதில் ஒரு பொம்மை. நாங்கள் வேலைக்குப் போகும் செம்பட்டிப் பக்கத்து வீடுகளில் தொட்டிக்கு எங்கே போவது? அங்கே காலை நீட்டி உட்கார்ந்து, காலிலேயே பிள்ளையைக் கிடத்தித்தான் குளிப்பாட்டுவார்கள். பரீட்சையில் அப்படிச் செய்தால் தப்பு.

அந்த வருஷம் வெளிநாட்டு டாக்டரம்மா ஒருவர் வந்தார். எந்த நாட்டில் நர்ஸ்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ஆராய்கிறவராம். இங்கிலீஷ் பேசும் பெண்களை மட்டும் அவர் முன்னால் உட்காரவைத்த எங்கள் தலைமை நர்ஸ் மேட்ரன், மற்றவர்களைத் துணி மடிக்க அனுப்பினார். நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணான நானும், என் கூட்டாளி அய்யலூர்க்காரியும் அதில் அடக்கம்.

"அம்புட்டுத் தூரத்துலருந்து வந்துட்டு, நம்மள ஒரு வார்த்தை கேக்காமப் போறதா? வாடி," என்றாள் அவள்.

துணியைப் போட்டுவிட்டு நேரே உள்ளே போனோம்.

"உங்கள யாரு கூப்பிட்டா?" என்று மேட்ரன் சீறினார்.

"யாரும் கூப்பிடல. நாங்களும் இங்கதான் படிக்கோம்," என்றேன். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

முன்வரிசையில் இருந்த ஒருத்தி, யாரும் சொல்லாமலே என் பேச்சை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பொம்மையைக் கிடத்திக் காட்டினேன். "நாங்க போற வீட்டுல இருக்கிறத வச்சுச் சொல்லிக்குடுங்க. தமிழ்ல கேள்வி கேளுங்க," என்றேன். டாக்டரம்மா குனிந்து கவனமாகப் பார்த்தார்.

மன்னிப்புக் கேட்டால்தான் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார் மேட்ரன். நாங்கள் கேட்கவில்லை. பொங்கலை வார்டிலேயே கழித்தோம்.

மறு வருஷம் டாக்டரம்மாவின் அறிக்கை அச்சாகி வந்தது. பீங்கான் தொட்டியின் படம் இருந்தது. நாங்கள் சொன்னதில் ஒரு வரிகூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆராய்ச்சி உங்களப் பத்தித்தான். உங்களுக்காக இல்ல," என்றார் மேட்ரன்.

அன்று மாலையே வகுப்பில் எல்லோரிடமும் பேசினோம். வாய்மொழிப் பரீட்சையைத் தமிழில் வைக்காவிட்டால் ஒருத்தியும் பரீட்சைக்குப் போவதில்லை என்று முடிவானது. இங்கிலீஷ் தெரிந்தவர்களும் எங்கள் பக்கம் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் மிரட்டினார்கள், பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். என் அப்பா வந்து, "எம்மக கேட்டதுல என்னய்யா தப்பு?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

வாய்மொழிப் பரீட்சை தமிழுக்கு மாறியது. எழுத்துப் பரீட்சை இங்கிலீஷிலேயே இருந்தது. அதற்காக அடுத்த சண்டையைத் தொடங்கினோம்.