ஆறு கிலோ எண்ணூறு

கீரமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பழக்கடை வச்சிருக்கிற ஆவுடையப்பனைக் கெட்ட மனுசன்னு யாரும் சொல்லமாட்டாங்க. கைக்குழந்தையோட வந்தா ஒரு வாழைப்பழம் பிச்சுக் குடுக்காம அனுப்பமாட்டார். ஆனா அவர் தராசு கிலோவுக்கு முப்பது கிராம் கூடக் காட்டும். 'அழுகல் கழிவு'ன்னு அந்த வரிசைக் கடைக்காரங்க அதுக்குக் கௌரவமா ஒரு பேரும் வச்சிருந்தாங்க. இருபது வருசத்துல ஒரு நாளும் அது அவருக்கு உறுத்தினதில்லை.

ஒரே மக இலக்கியா. ஆளு குள்ளம், சைக்கிள்ல ஏறிட்டா பிடிக்க முடியாது. மாநில அணிக்கு ஆள் எடுக்கிற பந்தயம் வந்துச்சு. அடுத்த வருசம் அவளுக்கு வயசு தாண்டிடும், இதை விட்டா வேற இல்லை. துபாய்லேருந்து வந்த அறந்தாங்கி மாமா எடை குறைஞ்ச சக்கரம் ரெண்டு கொண்டாந்து மாட்டிவிட்டார். வீடே பூரிச்சுப்போச்சு. அவளுக்கு மட்டும் அதுலதான் பயம்.

பந்தய சைக்கிள் ஆறு கிலோ எண்ணூறுக்குக் கீழே இருக்கக் கூடாதாம். குள்ளமான ஆளுக்குச் சின்ன சைக்கிள், அதனால இந்தத் தொல்லையும் இவளுக்குத்தான். குறைஞ்சா சீட்டுக்குக் கீழே இருக்கிற குழாய்க்குள்ள இரும்புத் துண்டை அசையாம ஒட்டணும்.

பந்தயம் நடக்கிற ஊருக்குக் கிளம்புற அன்னைக்குக் காலையில சைக்கிளையும் இரும்பையும் தூக்கிக்கிட்டுக் கடைக்கு வந்தா. தராசு ஆறு எண்ணூத்தம்பது காட்டுச்சு.

"தராசு சரியா இருக்கும்லப்பா?"

அதுல இருநூறு கிராம் கழியும்னு ஆவுடையப்பனுக்குத் தெரியாதா என்ன? ஆரஞ்சு வாங்க நின்ன தெய்வானை டீச்சர் அவர் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் தனியாச் சொல்லிக்கலாம்னு நெனச்சு, "சரியாத்தாம்மா இருக்கும்"னுட்டார்.

அவ இரும்பைக் கடையிலயே போட்டுட்டுப் போயிட்டா. மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனா, சம்சாரம் பிரகதாம்பாள் மகளுக்குத் திருநீறு பூசிக்கிட்டு இருந்தா. அந்தப் பொண்ணு மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு. அதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது, உங்கப்பன் எடையில திருடுறவன்னு? பாவி மனுசன், பஸ் கிளம்புற வரைக்கும் வாயே திறக்கலை. ராத்திரி பூராத் தூக்கமும் இல்லை.

மறுநாள் காலையில கடையில கூட்டமா இருக்கிறப்ப போன் வந்துச்சு.

"அப்பா, ஆறு அறுநூத்தம்பதுதான் இருக்குன்னு நிறுத்தி வச்சிருக்காங்கப்பா. இன்னும் பத்து நிமிசத்துல ரேஸ். இவங்க தராசுலதான் ஏதோ கோளாறு. நம்ம கடையில எடை போட்டதைச் சொல்லு, சார்கிட்டக் குடுக்கிறேன்."

பந்தய அதிகாரி போனை வாங்கினார். "ஏங்க, ஒங்க பொண்ணு எங்களைத் திருடங்கன்னு சொல்லுது. கேக்கிறீங்களா?"

பொய் சொன்னாலும் அங்கிட்டு இருக்கிற தராசுதான் செல்லும். ஆனா சொன்னா, மக மனசுல அவர் நல்ல அப்பனாவே இருந்துடலாம். பக்கத்துல அவ அழுதுக்கிட்டே சண்டை போடுறது போன்ல கேட்டுச்சு.

"அவளை விட்டுருங்க சார். திருடன் நாந்தான். என் தராசு எடையைக் கூட்டிக் காட்டும்"ன்னார். கடையில நின்ன எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

அதிகாரி அதை அவகிட்டச் சொன்னதும் அந்தப் பக்கம் சண்டைச் சத்தம் நின்னுபோச்சு. மக போனை வாங்கினா.

"எனக்குமாப்பா?"ன்னு கேட்டா.