முள்ளுப் புதருக்கு எதிரே ஒரு பெஞ்சு

கடலோரக் குன்றின் நடைபாதையைப் பராமரிக்கிறவருக்கு ஊர் வைத்த பெயர் ‘பத்து நிமிஷம்’. ஏறுகிறவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு, “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், எந்த வளைவில் நின்றாலும் அவர் பதில் ஒன்றுதான்: “இதோ, பத்து நிமிஷம்.” அடிவாரத்திலும் பத்து நிமிஷம், உச்சிக்கு நாலடி கீழேயும் பத்து நிமிஷம். பச்சைப் பொய்! ஆனாலும் அதை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் உச்சியைப் பார்த்திருக்கிறார்கள்.

இருபத்தாறு வருஷமாக அந்தப் பேச்சுக்கு மசியாத ஒரே ஆள் அவர் மனைவி. கடைத்தெருவில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். “குன்றுதான் என் கடை ஜன்னல்லயே தெரியுதே, மேல வேற ஏறணுமா?” என்று முதலில் சொன்னாள். பிறகு மூட்டுவலி வந்து சேர்ந்தது. சாக்குச் சொல்லவே தேவையில்லாமல் போனது. பாதை என்னவோ சாதுவான சரிவுதான், குழந்தை வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் அவளுக்கு வீட்டிலிருந்து கடைக்குப் போவதற்குள்ளேயே மூன்று இடத்தில் நிற்க வேண்டும்.

மனுஷன் விடுவாரா? புயலில் சாய்ந்த மரங்களை வைத்துப் பெஞ்சு செய்யச் சொல்லி அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. காட்சி நன்றாகத் தெரியும் இடங்களில் நாலு பெஞ்சு என்பது திட்டம். இவர் போட்டது பதினொன்று.

மூன்று வருஷம் யாரும் கவனிக்கவில்லை. புதிதாக வந்த இன்ஜினியர் மேஜையில் பாதையின் புகைப்படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இவரைக் கூப்பிட்டார்.

“இந்த மூணாவது பெஞ்சுக்கு எதிர்ல முள்ளுப் புதர்தான் இருக்கு. இங்க பார்க்க என்ன இருக்கு?”

“பார்க்கறதுக்கு இல்ல சார், உட்கார்றதுக்கு.”

“திட்டத்துல நாலுதான். மீதி ஏழையும் திங்கக்கிழமை எடுத்துடணும். நானே வர்றேன்.”

பெண்டாட்டிக்காகப் போட்டேன் என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா? மானம் போய்விடாதா? தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. “இன்னிக்கு மேல போகலாம், வா” என்றார்.

“உங்க பத்து நிமிஷத்தை வேற யார்கிட்டயாவது சொல்லுங்க.”

“ஒரு மணி நேரம் ஆகும். நிஜமாத்தான் சொல்றேன்.”

அவள் ஊசியைப் பாதியில் நிறுத்தினாள். “ஏங்க, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முட்டி முதல் தடவை முனகியபோது ஒரு பெஞ்சு இருந்தது. இரண்டாம் தடவையும் இருந்தது. மூன்றாவதில் உட்கார்ந்ததும் எதிரே பார்த்தாள். “முள்ளுப் புதருக்கு முன்னாடி பெஞ்சு போட்ட மகாராசன் யாரு?”

“நான்தான்.”

“உங்களைத் தவிர வேற யாருக்கு இந்த மூளை வரும்!”

ஐந்தாவதில் அவள் பேச்சு குறைந்தது. எட்டாவதில் எழுந்திருக்காமல் அவரையே பார்த்தாள். ஆயுசு முழுக்க அடுத்தவர் உடம்புக்கு அளவெடுத்தவள். தன் அளவுக்கு வெட்டினது தெரியாமல் போகுமா?

“என் அளவை எப்ப எடுத்தீங்க?”

“நீ கடைக்குப் போறப்ப பின்னாடியே வந்து எண்ணினேன். மருந்துக்கடைப் படி, தபால் பெட்டி, பாங்க் வாசல். நூத்திருபது அடிக்கு ஒரு தடவை நிக்கற. இங்க ஏத்தமாச்சே, நூறா வச்சேன்.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவர் கையைப் பிடித்தபடி நடந்தாள்.

உச்சியில் மூன்று பக்கமும் கடல். இடப்பக்கம் துறைமுகம், வலப்பக்கம் வளைந்து கிடக்கும் மணல், கீழே கூரைகளுக்கு நடுவில் அவள் கடையின் நீலத் தார்ப்பாய்.

“இவ்வளவு இருக்குன்னு ஏங்க சொல்லல?”

“இருபத்தாறு வருஷமா வேற என்னத்த சொன்னேன்!”

சந்தோஷத்தில் அவருக்கு வாய் நிற்கவில்லை. திங்கட்கிழமை விஷயத்தையும் உளறிவிட்டார். “போனா போகட்டும். நீ பாத்துட்ட, எனக்கு அது போதும்.”

“உங்களுக்குப் போதும். நான் நாளைக்கும் வரவேண்டாமா?” என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை இரண்டு ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பின்னாலேயே இன்ஜினியர், சட்டை முதுகில் ஒட்ட, புஸ்புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு ஏறினார். பாதையில் அவர் கால் படுவது அன்றுதான் முதல் தடவை. மூன்றாவது பெஞ்சில் ஓர் அம்மாள் பேன்ட்டுக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ‘பத்து நிமிஷம்’ கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“கொஞ்சம் எழுந்திருங்கம்மா. இதை எடுக்கணும்.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துணிகளை நகர்த்தி இடம் விட்டாள். “எடுக்கலாம் சார். மூச்சு வாங்குதே, முதல்ல உட்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். முள்ளுப் புதரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

“மேல போய்ச் சேர இன்னும் எவ்வளவு நேரமாகும்?” என்று கேட்டார் கடைசியில்.

கணவர் வாயைத் திறப்பதற்குள் அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“இதோ, பத்து நிமிஷம்தான் சார். வழி நெடுக பெஞ்சு இருக்கு.”