மிஞ்சிய வளைவின் கீழே

யுத்த காலத்தில் விழுப்புரம் பழைய ஸ்டேஷனை இடித்தபோது முகப்பு வளைவு மட்டும் மிஞ்சியது. அதன் கீழே மரக்காணத்துக் கருவாட்டுக்காரி ஒருத்தி நிற்பாள். ஒடுங்கிய முகம். ரயில் ஊதினால் அவசரமாக முடியை ஒதுக்கிக்கொள்வாள்.

இடிப்பு வேலைக்கு மேற்பார்வையாளனாக இருந்த நான், அவளைப் புது ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னேன்.

"எம்புள்ள இங்கதான் பட்டாளத்து ரயில் ஏறினான், சாமி. வந்தா இங்கதான் தேடுவான். இத்த இடிக்காதீங்க."

"மேலிடத்துக்கு மனு போடும்மா. அதுதான் முறை."

"நல்லா சொன்னீங்க! மனு போய்க்கினு வர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும்."

முடிந்தது. இடிக்க ஆள் கிடைக்காமல் வளைவு பிழைத்திருந்தது. கூலியாட்களும் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். பட்டாளத்து ரயில்களெல்லாம் வந்து ஓய்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். போகச் சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. என்ன சொல்லிப் போகச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.