மழை பெய்தால் போவோம்

1. முதல் நாள்

வீத்தோ நொன்னோ வீட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் செய்த முதல் வேலை, பெய்யாத மழையை அளந்ததுதான்.

பலெர்மோவில் வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்கு பதாந்தே என்று பெயர். நொன்னோ என்றால் தாத்தா. நாங்கள் பார்க்கிற வயோதிபர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பொலிதேயாமா தியேட்டருக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் அவர் தனியாக இருந்தார். மருந்து எது, சாப்பாடு எது என்று நான் கேட்க முன்னமே மனிதர் பொல்லை ஊன்றிக்கொண்டு என்னைப் பால்கனிக்குக் கூட்டிப் போனார். கம்பியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் கட்டியிருந்தது, உடம்பு முழுக்கக் கோடும் இலக்கமுமாக. மழைமானி. பார்த்துச் சொல் என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஒண்டுமில்லை" என்றேன்.

"அப்பிடிச் சொல்லக்கூடாது. ஒண்டுமில்லை எண்டால் நீ பாக்கேல்லை எண்டு நினைப்பினம். பூச்சியம் எண்டு சொல்லவேணும். அப்பதான் பாத்திட்டுச் சொல்லுறாய் எண்டு விளங்கும்."

அவர் கதைத்தது சிசிலிப் பேச்சும் இத்தாலியனும் கலந்து. எனக்கு விளங்கிய மாதிரி எங்கள் பேச்சில் தருகிறேன். நல்ல கிழவனிடம் வந்து மாட்டிக்கொண்டேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

போகப் போகத்தான் விஷயம் தெரிந்தது. நொன்னோ இளந்தாரியாகக் கப்பலேறி ஆஸ்திரேலியா போனவர். கடற்கரை நகரங்கள் அல்ல, ரயிலில் ஒரு நாள் போய், பிறகு லொறியில் போக வேண்டிய உள்நாட்டு ஊர். முதலில் முந்திரிகைத் தோட்டத்தில் திராட்சைக் குலை ஆய்ந்தார். பிறகு காணி வாங்கிக் கோதுமை விதைத்தார். ஊர் என்றால் ஒரு பெரிய வீதி, ஒரு சாராயக் கடை, ஒரு தேவாலயம், ரயில் பாதை ஓரத்தில் கோதுமை கொட்டி வைக்கும் உயரமான சைலோ, அவ்வளவுதான். பக்கத்துக் காணிக்காரனைப் பார்ப்பதென்றாலும் காரில் போக வேண்டும்.

அந்த ஊரில் ஒருவரை ஒருவர் கண்டால் சுகமா என்று கேட்பதில்லையாம். "எவ்வளவு விழுந்தது?" என்றுதான் கேட்பார்களாம். ஒவ்வொரு வீட்டு வேலியிலும் ஒரு மழைமானி. கடையில், கோயில் வாசலில், செத்த வீட்டில்கூட அதே கேள்வி. பக்கத்துக் காணியை விட இரண்டு மில்லிமீற்றர் கூட விழுந்தவன் அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிவான் என்று சொல்லிவிட்டு நொன்னோ இருமும் வரை சிரிப்பார்.

அவருடைய மனைவிக்கு அந்த ஊர் கடைசி வரை ஒட்டவில்லை. பலெர்மோவில்தான் கண்ணை மூடுவேன் என்று பிடிவாதமாக நின்று, வயது போன காலத்தில் மனிதரை இங்கே இழுத்துக்கொண்டு வந்தார். வந்த கொஞ்சக் காலத்தில் சொன்னபடியே கண்ணை மூடினார். நொன்னோ மிஞ்சிப் போனார். காணியை மகன் பிராங்க் பார்த்துக்கொண்டார். எங்களுக்குக் காலை எட்டு மணிக்கு, அங்கே பொழுதுபடுகிற நேரத்தில், பிராங்க் போன் எடுப்பார். நொன்னோ பலெர்மோ மழையைச் சொல்வார், மகன் அந்த ஊர் மழையைச் சொல்வார். நான் போன காலத்தில் அங்கே வறட்சி. இரண்டு பக்கமும் பூச்சியம் சொல்வார்கள். பிறகு வைத்துவிடுவார்கள்.

2. சவர்க்கார மழை

ஆவணி வெயிலில் ஒரு காலை நொன்னோ பால்கனியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். குழாயில் ஆறு மில்லிமீற்றர் தண்ணீர். மனிதருக்கு முகம் பூவாக மலர்ந்துவிட்டது. அந்தக் காலத்தில் பலெர்மோவிலும் குழாய்த் தண்ணீரை முறை வைத்துத்தான் விட்டார்கள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனாலும் அளவு அளவுதானே. பிராங்க் போன் எடுத்ததும் ஆறு என்று சத்தமாகச் சொன்னார். மகனுக்கு நம்பிக்கையில்லை, ஆனாலும் தகப்பனின் குரலைக் கேட்டுச் சிரித்தார்.

போனை வைத்த பிறகு நொன்னோவுக்கே சந்தேகம் வந்தது. குழாய்க்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக நிமிர்ந்து கொடியைப் பார்த்தார். முதல் நாள் பின்னேரம் நான் தோய்த்துப் போட்ட படுக்கை விரிப்பு மழைமானிக்கு நேர் மேலே தொங்கியது. யாழ்ப்பாணத்தில் கிணற்றடியில் தோய்த்துப் பழகிய கை. தண்ணீர் முறையில் வருகிற வீட்டில் விரிப்பைச் சரியாக அலசவும் இல்லை, பிழியவும் இல்லை.

"மழையிலை சவர்க்காரம் இருக்காது, கௌரி" என்றார்.

ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை. மகனுக்குத் திரும்பப் போன் எடுத்து, ஆறை அழி, பூச்சியம் என்று சொன்னார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனிதரில் மரியாதை வந்தது. கொடியை நான் மற்றப் பக்கத்துக்கு மாற்றிக் கட்டினேன்.

3. நான் சொல்லாதது

என் தம்பி சுதன் இருப்பதும் ஆஸ்திரேலியாவில், அதே மாதிரி ஒரு உள்நாட்டு ஊரில். அங்கே ஒரு இறைச்சி ஆலையில் வேலை. யுத்தம் முடிந்த பிறகு படகில் போனவன். தற்காலிக விசா. நாட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். நான் போய்ப் பார்க்கலாம் என்று இங்கிருந்து ஒருமுறை விசாவுக்குப் போட்டேன். மறுத்துவிட்டார்கள்.

அவனைக் கடைசியாக நேரில் கண்டபோது அவனுக்கு மீசை முளைக்கவில்லை. வன்னியில் இடம்பெயர்ந்து ஒரு தகரக் கொட்டிலில் இருந்தோம். மழை பெய்தால் தகரத்தில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது. செல் குண்டுச் சத்தமும் கேட்காது. அதனால் எங்களுக்கு மழை பிடிக்கும். நானும் அவனும் ஒருவர் காதுக்குள் ஒருவர் கத்திக் கதைப்போம். அங்கிருந்துதான் நான் கலியாணமாகி இத்தாலிக்கு வந்தேன்.

நொன்னோ தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தம்பியின் குரல் கேட்கும். கண்ணை மொய்க்கிற இலையான், சிவப்புப் புழுதி, வளைவே இல்லாத வீதி, இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். ஆனால் எனக்கு அங்கே ஒரு தம்பி இருக்கிறான் என்று நான் வாய் திறக்கவில்லை. என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்ட அக்கா முதலில் சொன்ன புத்தி, வேலை வீட்டில் உன் கவலையைக் காட்டாதே என்பது. அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். அது மட்டுமல்ல, தொலைக்காட்சியில் படகுகளில் சனம் வந்திறங்குவதைக் காட்டும்போது நொன்னோ முணுமுணுப்பார். இவ்வளவு பேரையும் எங்கே வைப்பது என்பார். படகில் போன தம்பியைப் பற்றி இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில்தான் பிராங்க் ஒரு யோசனை சொன்னார். அப்பா ஒருமுறை வந்து காணியைப் பார்த்துவிட்டுப் போகட்டும், துணைக்கு கௌரி வரட்டும், டிக்கெட்டும் விசாவும் என் பொறுப்பு என்றார். ஒரு ஆஸ்திரேலியக் கமக்காரன் கூப்பிட்டு, நோயாளியோடு போகிற ஆள் என்றால் விசா தராமலா விடுவார்கள்?

நொன்னோ யோசித்துவிட்டு ஒரே வசனத்தில் முடித்தார்.

"மழை பெய்தால் போவம். காய்ஞ்ச காணியை நான் பாக்கமாட்டன்."

அன்றிலிருந்து, கண்ணால் காணாத ஒரு ஊருக்கு மழை வேண்டும் என்று நான் அலையத் தொடங்கினேன். வைரவருக்கு நேர்ந்தேன். மன்னார்ச் சிநேகிதி ஒருத்தியோடு போய் மாதாவுக்கு மெழுகுதிரியும் கொளுத்தினேன். போனில் அந்த ஊரின் காலநிலையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனது. ஒரு மாரி போனது, ஒரு கோடை போனது. எட்டு மணிக்கு பிராங்க் பூச்சியம் என்பார். நான் குசினிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

4. தகரத்தில் மழை

ஒரு சித்திரைக் காலை எட்டு மணிக்கு முன்னமே போன் வந்தது. நொன்னோவின் காதில் வைத்தேன். அவர் கையைக் காட்டி என்னை அசையாமல் நிற்கச் சொன்னார். எனக்கு ஏதோ இரைச்சல் மட்டும் லேசாகக் கேட்டது. பிராங்க் டிராக்டர் நிற்பாட்டும் கொட்டகைக்குள் போய் நின்று, போனைத் தகரக் கூரைப் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார். விதைப்புக்கு ஏற்ற மழை. நொன்னோ வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது. துடைக்கவில்லை.

போனை வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எப்போது வெளிக்கிடுகிறோம் என்று கேட்டேன்.

"மழையைக் கேட்டிட்டன், அது காணும்" என்றார் நொன்னோ. "இனி என்னத்துக்குப் போறது? இந்தக் காலோடை அவ்வளவு தூரம் போய் அவனுக்கும் கரைச்சல் குடுத்து."

என் கையில் மருந்தும் தண்ணீர்க் கிளாசும் இருந்தன. அதை மேசையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது.

"உங்களுக்குக் காணும் நொன்னோ, எனக்குக் காணாது" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, தகரக் கொட்டில், மறுத்த விசா, படகு, எல்லாம். இத்தாலியன் இலக்கணம் ஒன்றும் சரியாக வரவில்லை. அழுதுகொண்டு சொன்னதில் பாதி தமிழில்தான் வந்திருக்கும். சொல்லி முடித்ததும் வேலை போச்சு என்று நினைத்தேன். நொன்னோ, தம்பி எந்த ஊரில் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அந்த இடம் தெரியும். காணியிலிருந்து அரை நாள் கார் ஓட்டம், நாங்கள் ஆடு விற்கப் போகிற ஊர் என்றார்.

"நானும் கப்பலிலைதான் போனனான், கௌரி. இறங்கேக்கை எனக்கும் அங்கை ஒருத்தரையும் தெரியாது. ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

நான் மேசையிலிருந்த மருந்தையும் கிளாசையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"தெரிஞ்சிருந்தால் புழுதிக்குள்ளையும் போயிருப்பன்" என்றார்.

அந்த வசனம் இன்றைக்கும் என்னைத் தூங்க விடுவதில்லை. அவர் சும்மா சொல்லவில்லை. அதே கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனார், ஆஸ்திரேலியா போக வேண்டும், கடிதம் தா என்று சண்டை பிடித்தார். டொக்டர் இதயத்தைப் பார்த்துவிட்டு விமானம் ஏறவே கூடாது என்றார். போன வருடம் என்றால் யோசித்திருக்கலாமாம்.

5. அதற்குப் பிறகு

நொன்னோ விடுகிற ஆள் இல்லை. மகனுக்குப் போன் எடுத்து, ஆடு விற்கிற ஊரில் ஒரு பெடியன் இருக்கிறான், போய்ப் பார் என்றார். பிராங்க் போனார். பல வருடத்துக்குப் பிறகு காணி முழுக்கக் கோதுமை நின்றது, அறுவடைக்கு ஆள் தேவை. சுதன் வன்னியில் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓட்டியவன். ஆலையில் லீவு எடுத்துக்கொண்டு போய், பிறகு ஆலைக்குத் திரும்பவேயில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் இருந்த அறையில் தங்கிக்கொண்டான்.

அறுவடை முடிந்த கையோடு ஒரு காலை எட்டு மணிக்குப் போன் எடுத்தது அவன்தான். அங்கே இடியும் மழையும். நொன்னோ முதலில் கேட்டது, கோதுமை எல்லாம் உள்ளே போய்விட்டதா என்று. தம்பி தனக்குத் தெரிந்த இங்கிலிசில் ஓமென்றான். அதற்குப் பிறகுதான் நொன்னோ மழைக்குச் சந்தோஷப்பட்டார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, கேளுங்கோ" என்றான் சுதன்.

போனைத் தகரக் கூரைக்குத் தூக்கினான். அதே சத்தம். அவன் ஏதோ கத்திக் கதைத்தான், எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நானும் கத்தினேன். நாலாம் மாடியில் என்ன கூச்சல் என்று மேல் வீட்டு சின்யோரா எட்டிப் பார்த்தாள்.

நொன்னோ அடுத்த மாசியில் போய்விட்டார். கடைசி வரை அவரைப் பார்த்தது நான்தான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளே, மருந்து நேரம் தவறக்கூடாது, வீட்டுக் கதையை வெளியே கதைக்கக்கூடாது, இதெல்லாம் உங்களுக்கு யாரும் சொல்லித் தருவார்கள். நான் சொல்வது இதுதான். நீங்கள் பார்க்கிற மனிதருக்கு என்ன வேண்டும் என்று தினமும் கேட்கிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதையும் ஒருநாள் வாய் திறந்து சொல்லுங்கள். அவர் முடியாது என்றே சொல்லட்டும். நான் மழைக்குக் காத்திருந்தேன். மழை வந்தது, அதற்குள் மனிதரின் இதயம் களைத்துவிட்டது.

பிராங்கின் கடிதத்தோடு திரும்பவும் விசாவுக்குப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. மழைமானி இப்போது பலெர்மோவின் மறு பக்கம், பிரான்காச்சோவில் என் வீட்டுப் பால்கனியில் இருக்கிறது, கொடிக்குத் தூரமாக. எட்டு மணிக்குச் சுதன் எடுப்பான். சுகமா என்று கேட்க மாட்டான். "எவ்வளவு அக்கா?" என்பான். நான் போனோடு வெளியே போய்க் குனிந்து பார்ப்பேன்.

விசாவைப் பற்றியும் சில நாள் அதே மாதிரித்தான் கேட்பான். ஒண்டுமில்லை என்று நான் சொல்வதில்லை. பார்த்துவிட்டு, பூச்சியம் என்கிறேன்.