கையில் கொடுக்காத கத்தி

திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மாசிலாமணியிடம் கத்தி கேட்காத ஆள் கிடையாது. அதை அவர் கையிலிருந்து வாங்கிய ஆளும் கிடையாது. மூட்டைத் தையல் பிரிக்கவோ சணல் அறுக்கவோ யாராவது கை நீட்டினால், இடுப்பிலிருந்து கத்தியை உருவி, நீட்டிய கையைத் தாண்டிக் கீழே வைப்பார். குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அவர்களும் கீழேதான் வைக்க வேண்டும். மாதா கோயில் திருவிழாவில் தோரணக் கயிறு அறுக்கப் பங்குச் சாமியாரே கை நீட்டியபோதும் படிக்கட்டில் வைத்துவிட்டு, "எடுத்துக்கோங்க சாமி" என்றார். சாமியார் சிரித்துக்கொண்டே குனிந்தார்.

கத்தி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு உடைந்ததைத் தீட்டிச் செய்தது. அலகு ஆள்காட்டி விரல் நீளம்கூட வராது. பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும், உறைக்கு ஒரு துண்டு ஓஸ் பைப். அரைஞாண் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் வேட்டிக்குள் இருப்பதே தெரியாது. காலில் தைத்த முள்ளை எடுப்பது, மாங்காய் நறுக்குவது, சிக்கிக்கொண்ட ஆட்டின் கயிற்றை அறுப்பது எல்லாம் அதில்தான். மகன் தென்னரசு மடக்குக் கத்தி வாங்கித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான்.

"மடக்குறத தொறக்க ரெண்டு கை வேணும்டா. ஆத்திர அவசரத்துக்கு ஒரு கையில உருவுற மாதிரி இருக்கணும்" என்பார்.

கையோடு கை கத்தி கொடுத்தால் பகை வரும் என்று ஊரில் எல்லாரும்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். மாசிலாமணியால் மறக்க முடியாததற்குக் காரணம் அவருடைய தம்பி தேவா. வயசுப் பையன்களாக இருந்தபோது, நுங்கு சீவும் நேரத்தில் தம்பியின் கையிலேயே கத்தியைக் கொடுத்துவிட்டார். அந்த மாதமே ஓர் ஆட்டுக்குட்டிக்காக இருவருக்கும் வாய்த்தகராறு. தேவா விழுப்புரத்துக்குப் போனவன் போனவன்தான். இன்றைக்கும் ஜங்ஷன் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். அண்ணன் ரோட்டில் போவதைப் பார்த்தால் பாய்லர் பக்கம் திரும்பிக்கொள்வான். ஆட்டுக்குட்டி என்ன நிறம் என்பதுகூட மாசிலாமணிக்கு நினைவில் இல்லை. கத்தி கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது மருமகள் அமலா வந்த பிறகுதான். மாமனாரை அவள் சும்மா விடமாட்டாள்.

"ஏன் மாமா, கையில குடுத்தா நான் உங்ககூட சண்ட போட்டுடுவனா?"

"நீ போட மாட்டம்மா. அது போட வச்சிடும்."

"சரி, கீழயே வையுங்க. நான் சண்ட போடணும்னா கொழம்புல உப்பு போடாம போட்டுக்கிறேன்."

அவர் வாய்விட்டுச் சிரிப்பார். மகள் இல்லாத குறை தீர்ந்தது என்று மண்டியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன சித்திரையில் பிரம்மதேசத்துப் பக்கம் மூன்று பேரும் அறுவடை வேலைக்குப் போனார்கள். செடியிலிருந்து மல்லாட்டையைப் பிரித்தெடுக்கும் மெஷின், டிராக்டர் பெல்ட்டில் ஓடுவது. ஒரு பக்கம் தென்னரசு செடிக்கட்டை எடுத்துக் கொடுக்க, அமலா உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். தூசிக்காக முகத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கழுத்தில் முடிந்திருந்தாள். எதிர்ப்பக்கம், தகரத் தட்டில் வந்து விழும் காயை மாசிலாமணி சாக்கில் பிடித்துக்கொண்டிருந்தார். டிராக்டர்காரன் குமரேசன் இன்ஜினை ஓடவிட்டு மோட்டார் கொட்டாய்க்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.

துப்பட்டாவின் நுனியைப் பெல்ட் இழுத்துக்கொண்டது. முடிச்சு இறுகியதில் அமலாவால் கத்தக்கூட முடியவில்லை. தென்னரசு ஒரு கையால் அவளைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டே, மறு கையைத் தகரத் தட்டுக்கு மேல் நீட்டினான்.

"யப்பா! கத்தி! கத்தி குடு!"

மாசிலாமணி சொல்லிக்கொண்டிருந்த மாதிரியே ஒரே கையில் உருவிவிட்டார். மகனின் கை விரித்தபடி எதிரே இருந்தது. அதில் வைத்திருந்தால் போதும். அவர் வைக்கவில்லை. யோசித்துத்தான் அப்படிச் செய்தார் என்று யாராவது சொன்னால் அது பாவம். இத்தனை வருஷமாகப் பழகிய கை, தானாகவே தாழ்ந்து, நீட்டிய கையைத் தாண்டி, கத்தியைத் தட்டின் மேல் வைத்தது. மெஷின் ஓடும்போது தட்டு சும்மா இருக்குமா? கத்தி குதித்துச் சரிந்து, காய் பிரித்துப் போட்ட கொடிக் குவியலுக்குள் விழுந்தது.

தென்னரசு வெறுங்கையால் தட்டைத் தடவினான். அவளைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுத் தேடவும் முடியவில்லை. மாசிலாமணி மெஷினைச் சுற்றிக்கொண்டு ஓடினார். குமரேசன் அலறிக்கொண்டு வந்து இன்ஜினை நிறுத்தினான். எல்லாரும் எல்லாம் செய்தார்கள், நேரம்தான் கடந்துவிட்டது. திண்டிவனத்தில் பார்த்துவிட்டு விழுப்புரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். விக்கிரவாண்டி தாண்டும்போது தென்னரசுவின் மடியிலேயே அமலா அடங்கிவிட்டாள்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் மாசிலாமணியின் கையைப் பிடித்து, விதி என்றார்கள். அவருக்கு விதி கண்ணில் படவில்லை. கஞ்சிக் கும்பாவில் கைவைத்தாலும், படுத்துக் கண்ணை மூடினாலும், மகனுடைய விரித்த கைதான் தெரிந்தது. அவன் ஒரு வார்த்தை திட்டினால்கூட ஏறிட்டுப் பார்த்துவிடலாம் என்றிருந்தது. திட்டவில்லை. சோறு வைத்தாலும் பேசவில்லை. மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, என்னை எடுத்துக்கொள்ளாமல் அவளை எதற்கு எடுத்தாய் என்று கேட்டு அழுதார். இடுப்பில் காலி உறை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

தென்னரசு ஒருநாள் காலையிலேயே எங்கேயோ போனான். பிரம்மதேசத்துக்கு. மாட்டுக்கு வைத்திருந்த அந்தக் கொடிக் குவியல் முழுவதையும் பிரித்துப் போட்டுத் தேடியிருக்கிறான். பொழுது சாய்ந்து திரும்பியபோது உடம்பெல்லாம் மண், கையில் அந்தச் சின்னக் கத்தி. வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு எதிரே வந்து நின்றான்.

மாசிலாமணி தரையைக் காட்டினார். "கீழ வைடா தென்னரசு."

அவன் வைக்கவில்லை. குனிந்து அவருடைய வலது கையைப் பிடித்து விரித்தான்.

"வேணாம்டா. கீழ வைடா கண்ணு. உன் கால்ல உழுறேன், கீழ வை."

"புடிப்பா" என்றான். அமலா போன பிறகு அவன் அப்பாவிடம் பேசிய முதல் வார்த்தை அது. கத்தியை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ரோட்டில் விழுப்புரம் பஸ் வந்து நின்றது, ஏறிக்கொண்டான்.

மாசிலாமணி கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவார்? மகன் மடக்கிவைத்த விரல்களை விரிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.